வீட்டுக்காரர் வரலையா?

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைத் தெருக்களில் தனித்தனியே நடக்கிறார்கள். அவன் நடப்பது பதினான்காவது காதையில். அதன் பெயர் ஊர்காண் காதை. அவள் நடப்பது பத்தொன்பதாவதில்; அதன் பெயர் ஊர்சூழ் வரி. முன்னதை நகர வருணனை என்று சொல்லியே காலங்காலமாகப் பாடம் நடத்துகிறோம். நவமணிகளின் குற்றங்குணங்கள், பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என்று பட்டியல் போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். அவன் ஏன் அந்தத் தெருக்களில் நடந்தான் என்ற கேள்வி வினாத்தாளில் வந்து நான் பார்த்ததில்லை.

அவன் இடம் தேடிப் போனவன். புகாரில் கைப்பொருளைத் தொலைத்து, மனைவியோடு நடந்தே மதுரைக்கு வந்து, ஊருக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கியிருக்கிறான். நகரத்து வணிகர்களிடம் தன் நிலையைச் சொல்லிவிட்டு வருவதாகக் கவுந்தியடிகளிடம் கூறி, கண்ணகியை அவர் பாதுகாப்பில் விட்டுக் கிளம்புகிறான். கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர்கள் காவல் நிற்கிறார்கள். அவர்கள் ஐயுறாதபடி உள்ளே புகுந்தான் என்கிறார் இளங்கோ. எனக்கு இந்தக் காதையிலேயே முக்கியமான செய்தி இதுதான். ஊருக்குப் புதியவன், கையில் காசில்லாதவன், ஆனாலும் காவலருக்கு ஐயம் எழாத உடம்பு. அதன் பிறகு மதுரை அவனுக்குத் திறந்து கிடக்கிறது. கணிகையர் வீதியில் தொடங்கி ஒவ்வொரு கடைத்தெருவாகப் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். எந்த வணிகரையும் அந்தக் காதையில் அவன் சந்திப்பதாக இல்லை. வேலையாகப் போன ஆண் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால், காப்பியம் அதற்கு ஒரு காதை ஒதுக்குகிறது!

கண்ணகி அவ்வளவு நேரமும் புறஞ்சேரியில் இருக்கிறாள். அடுத்து வருவது அடைக்கலக் காதை. மாதரியிடம் அவளை ஒப்படைக்கும்போது கவுந்தியடிகள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இவள் கணவனின் தந்தை யாரென்று தெரிந்தால் நகரத்துச் செல்வர்கள் விருந்தாக எதிர்கொண்டு தங்கள் காவல் மிகுந்த மனைகளில் சேர்த்துக்கொள்வார்கள், அந்தப் பெருஞ்செல்வர் மனை புகும் வரைக்கும் உன்னிடம் அடைக்கலம் என்கிறார். வசதியானவர்கள் வாழும் தெருவில் கதவு திறக்க மாமனார் பெயர் வேண்டும். அந்த மனைக்குள் கண்ணகி போகவே இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஆயர் சேரியில் செம்மண் பூசிய, வேலி சூழ்ந்த ஒரு சின்ன வீடு, அதில் ஒரே ஒரு வேளைச் சமையல், சுடுமண் கலத்தில் கணவனுக்குக் கால் கழுவ நீர்.

விருத்தாசலத்தில் வீடு வாங்க அலைந்த மாதங்களில் இந்த மூன்று காதைகளும் என்னோடு நடந்தன. பழைய ஊர் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றிக் கிடக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையும் ஜங்ஷனும் ஒரு காலத்தில் ஊரை வெளியே இழுத்தன. இப்போது இழுப்பவை ‘நகர்’களும் ‘அவென்யூ’க்களும். நேற்று வரை மல்லாட்டையும் முந்திரியும் விளைந்த நிலத்தில் தார்ச்சாலை போட்டு, கருங்கல் கம்பம் நட்டு, வளைவு கட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். டாக்டர்கள், நெய்வேலியில் ஓய்வுபெற்ற அதிகாரிகள், சிங்கப்பூர்ச் சம்பாத்தியம், இரட்டைச் சம்பள ஆசிரியர் குடும்பங்கள் என்று குடியேறியிருக்கிறார்கள். எங்கள் ஊர் அளவுக்கு இதுதான் போட் கிளப்.

புரோக்கர் வண்டியில் உட்கார வைத்து மனையை மட்டும் காட்டுவார். ஒரு தெருவில் வாழ முடியுமா என்று தெரிய நடக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. வாஸ்துவும் கன்னிமூலையும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது, இரவு எட்டு மணிக்கு மேல் திறந்திருக்கும் கடை எது, வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டா, எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்களா என்பதையெல்லாம் எந்த மனைப்பிரிவு வரைபடமும் சொல்லாது. பெரிய வீடுகள் நிறைந்த தெருவில்தான் இருட்டிய பிறகு எனக்கு அதிகம் பயமாக இருந்தது. மதில்கள் அவ்வளவு உயரம். கூப்பிட்டால் நாய்தான் கேட்கும்.

முதல் நாளே மாடியிலிருந்து ஒரு குரல். “யாரைத் தேடுறீங்க?”

“யாரையும் இல்லீங்க, வீடு பாக்க வந்தேன்.”

“அப்படியா, உள்ள வாங்க டீச்சர். தண்ணி குடிச்சுட்டுப் போங்க.” புடவையையும் தோள்பையையும் வைத்து டீச்சர் என்று கண்டுபிடித்துவிட்டார். உட்காரச் சொல்லி, சொம்பை நீட்டிக்கொண்டே அடுத்த கேள்வி: “வீட்டுக்காரர் வரலையா?”

நல்ல மனுஷி. என்மேல் அக்கறையோடுதான் கேட்டார். நான் யாருடைய மனைவி, மனைவியாகத்தான் இருக்கிறேனா என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. தெருவுக்கு அது வேண்டியிருந்தது. பிறகு போன ஏறக்குறைய எல்லா வீட்டிலும், புரோக்கரிடமும், கடன் கேட்டுப் போன இடத்திலும் அதே கேள்வி. தமிழ் படித்த குற்றத்துக்கு அந்தச் சொல்லிலேயே நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குபவர், வீட்டுக்காரர் என்றால் கணவர். இரண்டும் ஒரே சொல். வீட்டுக்காரம்மா என்றாலோ பெரும்பாலும் வீட்டுக்காரரின் மனைவி. மனையும் இல்லும் நம்மிடம் நிலத்தையும் கட்டடத்தையும் குறிக்கும் பழஞ்சொற்கள்; அவற்றிலிருந்து மனைவி வந்தாள், இல்லாள் வந்தாள். ‘மனை விற்பனைக்கு’ என்ற பலகைகளுக்கு நடுவே நடந்தபோது, மனைக்குச் சொந்தமானவள் மனைவியா, மனையோடு சேர்ந்த பொருள் மனைவியா என்று மொழியைக் கேட்டேன். மொழி இரண்டாவதன் பக்கம் சாய்ந்திருக்கிறது.

2011இல் வந்த ‘ஒய் லாய்ட்டர்’ என்ற நூலில் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்கிறார்கள். பொது இடத்தில் நிற்கும் பெண் தனக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சும்மா நிற்கும் உரிமையைத்தான் அந்த நூல் கேட்கிறது. ‘வீடு பாக்க வந்தேன்’ என்பது நல்ல காரணம், கேட்டதும் முகம் மலர்கிறது. வாங்குகிறவள் என்றால் தெரு உட்காரவைத்துத் தண்ணீர் தருகிறது. கவிதைக்காக நடக்கிறேன் என்றால்? சொல்லிப் பார்க்கவில்லை. ஆனாலும் வாங்குகிறவள் என்ற அனுமதிச் சீட்டுக்கும் பின்னால் ஆண் கையெழுத்து ஒன்றைத் தேடுகிறார்கள்.

வர்ஜீனியா வுல்ஃபின் ‘தனக்கென்று ஓர் அறை’ 1929இல் வந்தது. பணமும் அறையும் வேண்டும் என்ற வாக்கியத்துக்காகவே அதை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறோம். அந்த நூலின் தொடக்கத்தில் நடையும் இருக்கிறது. கல்லூரிப் புல்தரையில் நினைவில்லாமல் நடந்துவிட்டவளை ஒரு காவலர் விரட்டுகிறார். நூலகத்துக்குள் தனியாக விட மறுக்கிறார்கள். அறை கேட்பதற்கு முன் அவள் நடக்கத்தான் முயன்றாள். அதே 1929இல், பிப்ரவரியில், செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. 1989இல் வந்த திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது; அதற்கு முன்பே மணமாகிப் போனவளுக்கு இல்லை என்றது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது.

சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்க ஆவணக் கட்டைப் பிரிக்க வேண்டும். எனக்குக் காட்டிய மனைகளின் தாய்ப்பத்திரங்களை உட்கார்ந்து படித்தேன். பெயர் தாய்ப்பத்திரம், உள்ளே தாத்தா, அப்பா, மகன், பேரன். பெண் பெயர்கள் கூட்டமாக வரும் இடம் ஒன்று உண்டு. அது விடுதலைப் பத்திரம். அக்காள் தங்கைகள் வரிசையாக, சீர்வரிசை பெற்றுக்கொண்டதாலும் அன்பினாலும் பாத்தியதையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலது கைநாட்டு. அறம், பொருள், இன்பம் என்று அடுக்கி நான்காவதாக நாம் வைத்த வீடும் விடுதலையும் ‘விடு’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. அண்ணனின் வீட்டுக்காகத் தங்கை விடுகிறாள், அதற்குப் பதிவு அலுவலகம் வைத்த பெயர் விடுதலை. இந்தச் சொல்லை வைத்து நானே ஒரு கவிதை எழுத முயன்று தோற்றிருக்க வேண்டும், அவ்வளவு கச்சிதமாக எழுதி முத்திரையும் குத்தி வைத்திருக்கிறார்கள். பிராது எழுதிக் கட்ட மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகும் பெண்களில் சொத்துக்காகப் போகிறவர்களும் உண்டு. சார்பதிவாளரிடம் கையெழுத்துப் போட்ட பிறகு முருகனிடம் மனு.

2025 ஏப்ரல் முதல், பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று தமிழக அரசு அறிவித்தது. நல்லது. பத்து லட்சம் வரையிலான சொத்துக்குத்தான் அது. நான் நடந்த தெருக்களில் அந்த விலைக்கு மதில் கட்டலாம்.

வீட்டுக்குள்ளே போனால் வரவேற்பறையிலும் பூஜையறையிலும் பளபளப்பு. சமையலறைக்கு வரும்போது அதைக் கட்டியவருக்குக் கவனம் தீர்ந்துவிட்டது தெரிகிறது. அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எழுதி நாற்பது வருடம் ஆகப்போகிறது. மாடுலர் கிச்சன் வந்திருக்கிறது, மூலை மாறவில்லை. எங்கள் ஊர் அம்மனே இதில் ஒரு பேச்சுப் பேசியவள். குரு நமச்சிவாயர் பசித்து வந்து விருத்தாம்பிகையைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவி எப்படிச் சோறு கொண்டு வருவாள் என்று கேட்டுவிட்டாள். இளையவளாக மாற்றிப் பாடிய பிறகே சோறு வந்தது, பாலாம்பிகை என்று பெயரும் வந்தது. முதலில் அவள் மறுத்தாள் என்பதை நாம் சொல்லிக்கொள்வதில்லை.

தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ். பீங்கான் ஊரில் அவை குஜராத் மோர்பியிலிருந்து வருகின்றன. இந்த ஊர்ப் பீங்கான் பணக்கார வீட்டுக்குள் நுழைவது கொலுப் பொம்மையாகவும் ஃபியூஸ் கேரியராகவும்தான். அச்சில் வார்த்த பொம்மையின் ஓரத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கண்ணுக்கு மை எழுதும் பெண்கள் இந்த நகர்களில் மனை பார்க்க வருவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கென்று பின்பக்கம் மதிலோரம் தனிக் கழிப்பறை இருக்கிறது. ஒரு வீட்டில் அதை ஒரு வசதியாகவே என்னிடம் சொன்னார்கள். ‘உங்களுக்கு எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று எனக்கு வந்த இரண்டாவது கேள்வியும் அதே மதிலைச் சேர்ந்தது. சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்று தெருப்பெயரைக் கேட்கிறார்கள். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சென்னையில் கலாக்ஷேத்ரா காலனி என்றால் கோடிகள், எங்கள் பக்கம் காலனி என்றால் ஊருக்கு வெளியே. ஒரு சொல்லின் மதிப்பும் அது நிற்கும் நிலத்தைப் பொறுத்தது.

ஊர்சூழ் வரியில் கண்ணகிக்குக் காரணம் தேவைப்படவில்லை. கணவன் கொல்லப்பட்டான் என்று கேட்டவள் எஞ்சிய சிலம்பை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடக்கிறாள். கோவலன் பார்த்த கடைகளில் ஒன்றுகூட அவள் நடையில் வரவில்லை. அவன் ஊரைப் பார்த்தான்; இவளை ஊர் பார்க்கிறது. கையிலிருந்த சிலம்போ அவளுடையது. புது வாழ்வுக்கு முதலாக அவன் விற்கப் போன இன்னொன்றும் அவளுடையதுதான். வழக்குரை காதையை அரச நீதி பற்றிய காதையாகப் படிக்கிறோம். சட்டம் படித்த பெண் எவளும் அதை உடைமை வழக்காகவும் படிப்பாள். சிலம்பு யாருடையது என்பதே அங்கே கேள்வி. ஆவணமில்லாத சொத்துக்கு அவள் காட்டிய சான்று, உடைத்தால் தெறிக்கும் மாணிக்கம்.

நீ யார் என்று அரசன் கேட்கும்போது அவள் ஊரைச் சொல்கிறாள், மாமனாரைச் சொல்கிறாள், கணவனைச் சொல்கிறாள், கடைசியாகத்தான் தன் பெயரைச் சொல்கிறாள். நான் பார்த்த நகர்களில் ஒன்றின் வளைவுக்குக் கீழே வயதான காவலாளி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஊர், க/பெ, பெயர், வந்த காரணம் என்று கோடு போட்டிருக்கிறது. காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்கவும் கூட்டவும் உள்ளே போகும் பெண்களை அதில் எழுதுவதில்லை. அவர்களில் ஒருத்தி ஒன்பதரைக்கு வெளியே வந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். காவலாளி கேட்கும் முன்பே கட்டைப்பையைத் திறந்து காட்டிவிட்டு, என்னைப் பார்த்து, “வீடு அமைஞ்சுதாம்மா?” என்றாள்.