எளிமை யாருக்கு? மும்பைக் கவிதைகளை முன்வைத்து

கவிதை எளிமையாக இருத்தல் வேண்டும் என்னும் கோரிக்கை தமிழில் பாரதியால் வலுப்பெற்றது. பாஞ்சாலி சபதத்தின் (1912) முன்னுரையில், ஓரளவே கற்றோரும் பொருளுணரும் வகையில் காவியம் அமைதல் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1959இல் தோன்றிய ‘எழுத்து’ இதழின் புதுக்கவிதை, கவிஞனைத் தன் அகத்தை உசாவும் தனியனாகக் காட்டியது. 1971இல் தோன்றிய ‘வானம்பாடி’ அவனைச் சமூகத்தின் குரலாக முன்னிறுத்தியது. இருண்மை, எளிமை என்னும் விவாதம் இவ்விரு போக்குகளையொட்டியே வளர்ந்தது. எனினும் ‘யாருக்கு எளிமை?’ என்னும் வினா அதில் போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாவின் தேவையை மும்பை உணர்த்துகிறது. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவிய மாதுங்காவின் தமிழரும், நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கெனத் தாராவியில் குடியேறியோரும் பேசுவது ஒரே மொழிதான். வாழ்க்கைச் சொற்களோ வேறு. அடுக்குத் தொகுப்பு வீடான ‘சால்’, ஓரறைக் குடியிருப்பான ‘கோலி’ ஆகியன தாராவி வாசகர்க்கு அன்றாட வழக்கு. தமிழக வாசகர்க்கோ அவை அடிக்குறிப்பை வேண்டுபவை.

அந்நகரின் மராத்திக் கவிதை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆலைத் தொழிலாளியாக வாழ்ந்த நாராயண் சுர்வே, ‘மாஜே வித்யாபீட்’ (1966) தொகுப்பின் தலைப்பிலேயே தம் பல்கலைக்கழகத்தைச் சுட்டுகிறார். அவருக்கு உழைப்பாளர் வாழும் நகரமே கல்விக்கூடம். கவிஞன் அங்குப் பயில்பவன். நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ (1972) மாறுபட்டது. அதற்கு முன்னுரை எழுதிய விஜய் டெண்டுல்கர், பல சொற்களின் பொருளைத் தசாலிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. காமாட்டிபுரத் தெருக்களின் வழக்கு, தேர்ந்த நாடகாசிரியர்க்கும் அரிதாயிற்று. கற்றோர்க்குக் கடினமாவது அம்மக்களுக்கும் கடினம் எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

எனவே எளிமை சொல்லின் இயல்பு மட்டுமன்று. கவிஞன் எவரிடையே நின்று பேசுகிறான் என்பதைப் பொறுத்தது. மும்பைத் தமிழ்க் கவிஞர் புதியமாதவி முதலானோரின் படைப்புகளை மதிப்பிடுகையில், தமிழகப் பொதுநடையை மட்டுமே அளவுகோலாக்கினால் புலம்பெயர்ந்தோரின் வாழ்வுச் சொற்கள் வழுவாகவோ இருண்மையாகவோ ஒதுக்கப்படும். அச்சொற்களைப் பொதுநடைக்கு மாற்றி எழுதும் கவிஞன் வாசகரைப் பெருக்கலாம். ஆனால் தன் முதல் வாசகரை இழப்பான். ஆகவே, புரியவில்லை என்று தீர்ப்பளிக்கும் முன், அக்கவிதை எவரை நோக்கிப் பேசுகிறது என வினவுதல் திறனாய்வாளரின் முதற்கடன் ஆகும்.