நீலமாகவே இருந்த வாள்

1983இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தில் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாள் பச்சை நிறத்தில் ஒளிரும். முந்தைய இரண்டு படங்களிலும் அவன் ஏந்தியது நீல வாள், அவன் தந்தையுடையது. அதைத் தன் வலக்கையோடு சேர்த்து இழந்த பிறகு அவனே ஒன்றைச் செய்துகொள்கிறான். சீடன் குருவாகிவிட்டதன் அடையாளம், யோடாவின் வழியில் வந்ததன் அடையாளம் என்று அந்தப் பச்சைக்குப் பின்னாளில் பல விளக்கங்கள் வந்தன. நடந்தது எளிய விஷயம். டாட்டூயின் பாலைவனத்துச் சண்டைக் காட்சியில் நீல வாள் நீல வானத்தோடு கரைந்துபோனது. கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று பச்சையாக்கினார்கள். ஆரம்ப முன்னோட்டத்தில் அது இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

மேஸ் விண்டுவின் ஊதா வாளின் கதை இதைவிட வேடிக்கை. 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' (2002) படத்தில் நூற்றுக்கணக்கான ஜெடைகள் மோதும் காட்சியில் தான் எங்கே நிற்கிறோம் என்று தனக்கே தெரியவேண்டும் என்பதற்காக சாமுவேல் எல். ஜாக்சன் ஜார்ஜ் லூகாஸிடம் கேட்டு வாங்கிய நிறம் அது. நீலமும் சிவப்பும் கலந்தது ஊதா, ஆகவே ஒளிக்கும் இருளுக்கும் நடுவே நடப்பவர் அவர் என்று ரசிகர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிறம் முதலில் வந்து பொருள் பின்னால் ஏறுவது கலையில் வழக்கமானதுதான். ஆனால் ஏறிய பொருள் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். 2003இல் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' கணினி விளையாட்டு, காவலருக்கு நீலம், ஆலோசகருக்குப் பச்சை, இரண்டுக்கும் இடைப்பட்டவருக்கு மஞ்சள் என்று பங்கிட்டது. இது தொழில் சார்ந்த பகுப்பு. இதில் நல்லவர் கெட்டவர் பேச்சில்லை. சிவப்பு மட்டும் முதல் படத்திலிருந்தே வேடரின் கையில் இறுகிவிட்டது. சிவப்பு என்றால் தீமை. இத்தனைக்கும் அதே 1977 படத்தில் புரட்சிக்காரர்களின் போர்விமானங்கள் உமிழ்வது சிவப்புக் கதிர்கள். பேரரசின் விமானங்கள் உமிழ்வது பச்சை. ஒரு கிரகத்தையே பொடியாக்கும் கதிரும் பச்சைதான். துப்பாக்கிக்கு ஒரு நியாயம், வாளுக்கு ஒரு நியாயம் என்று அந்தப் பிரபஞ்சம் கவலையில்லாமல் சுழல்கிறது.

ஜுபைலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த நிறங்கள் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் தனி. சவூதியில் 2018 வரை பல பத்தாண்டுகள் பொதுத் திரையரங்குகள் இல்லை. படம் பார்க்க வேண்டுமென்றால் கடற்பாலம் தாண்டி பஹ்ரைனுக்குப் போகவேண்டும். ஆகவே பொம்மைக்கடை வாளும் லெகோ பெட்டியும் கணினி விளையாட்டும் முதலில் வந்தன, கதை வெகு தாமதமாக வந்தது. கதையில்லாமல் வந்து சேர்ந்த நிறம் வாய்ப்பாடு மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. சிவப்பு வாளை யார் எடுப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வருவதில்லை. கடைசியாக வருகிறவனுக்கு அது. (இதே ஊரில் அவர்களுடைய அப்பாக்கள் வேலை பார்க்கும் ஆலைகளில் சிவப்புக் குழாய் என்றால் தீயணைக்கும் தண்ணீர். அது வேறு வாய்ப்பாடு.)

இந்த இடத்தில்தான் தமிழில் படித்தவனுக்கு நெருடுகிறது. நம் மொழியில் செம்மை என்ற ஒரே சொல் சிவப்பையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வளையாத ஆட்சி செங்கோல், வளைந்தது கொடுங்கோல். குறுந்தொகையின் முதல் பாட்டில், திப்புத்தோளார் அம்பின் தண்டையும் செங்கோல் என்றே சொல்கிறார். அங்கே அது நீதியின் கோல் அல்ல, அவுணரைக் கொன்று குருதியில் நனைந்த கோல். களம் சிவப்பு, அம்பு சிவப்பு, யானையின் கொம்பு சிவப்பு, ஏந்தியிருக்கும் முருகன் சிவப்பு, அவன் மலையில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும் காந்தளும் சிவப்பு. நான்கு அடிகளுக்குள் இத்தனை சிவப்பு, ஒன்றுகூடத் தீமையின் சிவப்பில்லை. தோழி இவ்வளவையும் அடுக்கிவிட்டு, கையுறையாகக் காந்தளை நீட்டும் தலைவனிடம் எங்கள் மலையிலேயே இது நிறைய உண்டு என்று முடித்துவிடுகிறாள். காந்தள் முதலில் பச்சையும் மஞ்சளுமாய் விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும் பூ. நவம்பர் 27இல் புலம்பெயர் நகரங்களில் அதைக் கார்த்திகைப்பூ என்று ஏந்தி நிற்பவர்களுக்கு அந்தச் சிவப்பின் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நம்முடைய சிவப்பு உயர்ந்தது, அவர்களுடையது தட்டையானது என்று முடித்துவிட்டால் எளிது. எனக்கு அதில் ஆர்வமில்லை. நல்லது சிவப்பு என்பதும் இன்னொரு வாய்ப்பாடுதான். அதைவிடப் பயனுள்ள ஒப்பீடு புறத்திணையில் இருக்கிறது. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுகிறான். மீட்கப் போகிறவன் கரந்தை. மதிலை வளைப்பவன் உழிஞை. உள்ளிருந்து காப்பவன் நொச்சி. வென்றவன் வாகை. தொல்காப்பியத்தில் ஏழாக இருந்த திணைகளைப் புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக விரித்தபோதும் பூவின் வேலை மாறவில்லை. சூடியவன் இன்று என்ன செய்யப் புறப்பட்டிருக்கிறான் என்பதைப் பூ சொல்லும். அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லாது. இன்று வெட்சி சூடியவனே நாளை கரந்தை சூடலாம். எல்லாவற்றிலும் என்னைத் துணுக்குற வைப்பது தும்பை. இரு வேந்தரும் நேருக்கு நேர் நின்று ஒருவரையொருவர் அழிக்கும் பெரும்போரில் இரண்டு படையும் அதே வெள்ளைத் தும்பையைச் சூடுகின்றன. ஜியோனோசிஸ் களத்தை அப்படிக் கற்பனை செய்து பாருங்கள். ஜாக்சன் தன்னைத் தேடிக் களைத்துப்போவார்.

ஸ்டார் வார்ஸ் உலகமும் இந்தத் திசையில் ஒரு முறை நன்றாகவே யோசித்திருக்கிறது. ஒளிவாளுக்குள் இருப்பது கைபர் படிகம். (கணவாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சித்துகளின் சிவப்பு செயற்கைப் படிகத்தால் வருவது என்பது பழைய கதை. புதிய கதைப்படி எந்தப் படிகமும் சிவப்பாகப் பிறப்பதில்லை. பறித்த படிகத்துக்குள் தன் வலியையும் வெறுப்பையும் ஒருவன் செலுத்தச் செலுத்த அது குருதி கசிந்து சிவக்கிறது. ஈ.கே. ஜான்ஸ்டன் எழுதிய 'அசோகா' நாவலில் (2016) நாயகி எதிரியின் வாளிலிருந்து மீட்ட படிகங்களை ஆற்றுகிறாள். அவை பழைய நிறத்துக்குத் திரும்பாமல் வெள்ளையாகின்றன. 'தி அகோலைட்' தொடரின் (2024) இறுதிப் பகுதியில் ஓஷா தன் குருவின் வாளைக் கையில் பிடித்தபடி அவரையே கொல்லும்போது, நீலம் நம் கண்முன் சிவக்கிறது. ஒரே பருவத்தோடு கைவிடப்பட்ட அந்தத் தொடரில் பல பலவீனங்கள் உண்டு. இந்தக் காட்சிக்காக அதை மன்னிக்கலாம். நிறம் இங்கே அடையாள அட்டையாக இல்லை. செய்த செயல் விட்டுச்சென்ற கறையாக இருக்கிறது.

புறநானூறு 271இல் வெறிபாடிய காமக்கண்ணியார் காட்டுவது இதைத்தான். இளம்பெண்கள் இடையில் தழையாக உடுத்தி நாம் பார்த்திருந்த நொச்சி, இப்போது விழுந்துகிடக்கும் வீரன் மேல் குருதியில் ஊறி உருத்தெரியாமல் கிடக்கிறது. ஊன்துண்டு என்று எண்ணி ஒரு பருந்து அதைத் தூக்கிப் போகிறது. நொச்சி நீலம் பாய்ந்த பூ, காவலரின் பூ. காப்பதற்காகச் சூடியது என்பதால் குருதி அதை விட்டுவைக்கவில்லை. சூடியவன் நல்லவனா என்ற கேள்வியே பருந்துக்கு இல்லை.

இதை வைத்துக்கொண்டு 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' (2005) படத்துக்குத் திரும்பினால் பெரிய ஓட்டை தெரியும். அனகின் ஸ்கைவாக்கர் கோயிலுக்குள் நுழைந்து, அவனை நம்பி எழுந்து வரும் சிறு பிள்ளைகளைக் கொல்கிறான். அவன் கையில் இருப்பது நீல வாள். அன்றிரவும் அது நீலம், மறுநாளும் நீலம். முஸ்தஃபாரில் அவனை வெட்டி வீழ்த்திய ஓபி-வான் அதை எடுத்துக்கொண்டு போய், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்து, உன் தந்தையின் வாள் என்று லூக்கிடம் கொடுக்கிறார். 1977இல் எடுத்த காட்சிக்கு 2005இல் எடுத்த காட்சி முன்கதை என்பதால் இந்த முரண் எழுத்தாளர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியும். ஆனால் படிகம் கசியும் என்று பிறகு எழுதியவர்களும் இந்த வாளைத் தொடவில்லை. எதிராளியின் வாள்தான் கசியவேண்டும். குடும்பச் சொத்தாக வருவது கசியக்கூடாது. ஒளிவாள் வெட்டிய இடத்தைத் தானே தீய்த்துவிடும், ஆகவே திரையில் ரத்தமும் பெரும்பாலும் இல்லை. பருந்துக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

என் கணக்கில் அந்தப் பிரபஞ்சத்தில் கேள்வி கேட்கவேண்டிய ஆயுதம் வேடரின் சிவப்பு வாளல்ல. அது என்ன என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கேட்கவேண்டியது தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து ரேய்க்கும் கைமாறிய நீலத்தை. 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' (2019) முடிவில் அதைத் துணியில் சுற்றி டாட்டூயின் மணலுக்குள் இறக்கிவிட்டு, ரேய் தன்னுடைய மஞ்சள் வாளை ஏற்றிப் பார்க்கிறாள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. வாள் நீலமாகவே மணலுக்குள் போகிறது.