அரிய தபால்தலை ஓவியங்கள்: எது அரிது, எது ஓவியம்?

பழைய தபால்தலைகளை ஒட்டிச் செய்த ஓவியங்கள் இணையக் கடைகளில் நிறையவே விற்பனைக்கு வருகின்றன. ஃபிரேம் போட்டு, வரிசை எண் கொடுத்து, கூடவே ஒரு சான்றிதழும் தருகிறார்கள். சான்றிதழில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "அரிய பழங்காலத் தபால்தலைகளால் ஆனது." விலையைத் தூக்குவது அந்த வரிதான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒட்டுகிற ஆசை ஒன்றும் புதிதில்லை. உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக், பிரிட்டனில் 1840 மே மாதம் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த வருடமே லண்டன் டைம்ஸில் ஒரு விளம்பரம். ஒரு இளம்பெண் தன் ஒப்பனை அறை முழுக்க முத்திரை குத்திய தபால்தலைகளை ஒட்ட விரும்புகிறார், 16,000 சேர்ந்துவிட்டன, மற்றவர்களும் அனுப்பி உதவ வேண்டும் என்று கேட்டது அது. தபால்தலை சேகரிப்பு பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பெண் எதையும் "அரியது" என்று சொல்லி விற்கவில்லை. அன்று அவை குப்பை. குப்பையில் அழகு பார்த்தார், அவ்வளவுதான்.

இன்றைய சான்றிதழ் வேறு கதை. பழசு என்றாலே அரிது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பென்னி பிளாக்குக்கு அடுத்து வந்த பென்னி ரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1841 முதல் 1879 வரை அச்சானது. மொத்தம் சுமார் 2,100 கோடி! விக்டோரியா ராணி காலத்துச் சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு சாதாரணப் பிரதியை இன்றைக்கும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கிவிடலாம்.

அதே பென்னி ரெட்டில் 77-ஆம் எண் தகடு என்று ஒன்று உண்டு. குறைபாடுள்ள தகடு என்று ஒதுக்கப்பட்டது. ஆனாலும் அதில் அச்சான சில எப்படியோ வெளியே போய்விட்டன. இன்று தெரிந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். விலை லட்சக்கணக்கான பவுண்டுகள். நிறம், ராணி முகம், அளவு எல்லாம் மற்றவற்றைப் போலவேதான். வித்தியாசம், பக்கவாட்டு வேலைப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் குட்டி எண்ணில். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கணும்.

ஓவியத்துக்குத் தேவை சிவப்பு. சேகரிப்பாளருக்குத் தேவை அந்த எண். உண்மையிலேயே அரிய தலையைப் பசை தடவி ஒட்டினால் அது அழிவு வேலை. அரிதில்லாத தலையை ஒட்டிவிட்டு அரியது என்றால் அது பொய். சான்றிதழ் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறது, எது என்று மட்டும் சொல்வதில்லை.

பசையில் என்ன அழிகிறது என்று கேட்கலாம். தபால்தலைக்குப் பின்பக்கமும் முக்கியம். காகிதத்தின் நீர்க்குறி, பழைய கோந்து, கைமாறிய அடையாளங்கள் எல்லாம் அங்கேதான். 1856-இல் வெளியான பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மஜெந்தா உலகில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகத் தெரிகிறது. 2021-இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 83 லட்சம் டாலருக்குப் போனது. அதன் பின்பக்கம் முன்னாள் உரிமையாளர்களின் குறிகளால் நிறைந்திருக்கிறது. காலணி வடிவமைப்பாளரான ஒருவர் ஹை-ஹீல்ஸ் செருப்பு ஒன்றையே வரைந்து வைத்திருக்கிறார். இதைக் கான்வாஸில் ஒட்டியிருந்தால் பாதி வரலாறு போயிருக்கும்.

முன்பக்கத்திலும் தகவல் உண்டு. பென்னி ரெட் ஒரு தாளில் 240 தலைகள்: வரிசைக்கு 12, மொத்தம் 20 வரிசை. அன்றைய கணக்கில் 240 பென்னி ஒரு பவுண்டு, ஆக ஒரு தாள் ஒரு பவுண்டு. ஒவ்வொரு தலையின் கீழ்மூலைகளிலும் இரண்டு எழுத்துகள். முதல் தலைக்கு ஏ-ஏ, அடுத்ததற்கு ஏ-பி, இப்படியே போகும். ஒன்று எந்த வரிசை என்று சொல்லும், இன்னொன்று வரிசையில் எத்தனையாவது என்று. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உடனே பிடிபடும், இது இரு பரிமாண அர்ரே. ஒவ்வொரு தலையும் தன் முகவரியைத் தானே சுமக்கிறது. சில சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் தேடி 240 எழுத்துச் சேர்க்கைகளையும் பிடித்து, ஒரு முழுத் தாளை மறுபடி அடுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், தபால்தலையால் ஆன மிகச் சிறந்த ஓவியம் அதுதான்.

அப்படியென்றால் தபால்தலையை வைத்து ஓவியமே செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். நான் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: அதே படத்தை வண்ணக் காகிதத் துண்டுகளால் செய்திருந்தால் ஏதாவது குறைந்திருக்குமா? குறையாது என்றால் தபால்தலை வெறும் பிக்சல். ஆயிரம் ராணித் தலைகளை வெட்டி ஒரு பெரிய ராணி முகம் செய்யும் படங்கள் இங்கேதான் தோற்கின்றன. பத்தடி தள்ளி நின்றால் "அட!" என்கிறோம். கிட்டே போனால் பார்க்க ஒன்றுமில்லை.

அமெரிக்க ஓவியர் மாலி ராஷ் இதில் ஜெயிக்கிறார். ஒரே ஒரு பழைய தலையை ஒட்டி, அதன் விளிம்பில் அறுந்து நிற்கும் மலையையோ கடலையோ வண்ணத்தால் வெளியே நீட்டிக்கொண்டு போகிறார். எடுத்துக்கொள்வது அரிய தலை இல்லை. ஆனால் அந்தத் தலை இல்லாமல் அந்தப் படம் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே கார்ல் ஷ்வேசிக். நாஜிகள் சிறையில் அடைத்த ஜெர்மன் ஓவியர். 1941-இல் பிரான்ஸின் கூர்ஸ் முகாமில் அடைபட்டிருந்தபோது, தபால்தலைத் தாள்களின் ஓரத்தில் வெற்றாக விடப்படும் துளையிட்ட காகிதத்தில் குட்டிக் குட்டித் தபால்தலைகளை வரைந்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சு அரசின் முழக்கத்தோடு முகாமின் அவலம். அரசாங்கம் வெளியிட்டது போன்ற அந்த வடிவம்தான் அங்கே அடி. வெறும் சித்திரமாக இருந்திருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது. எல்லோரும் கிழித்துப் போடுகிற ஓரக் காகிதம் இன்று நியூயார்க்கின் லியோ பேக் நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவரிடம் எந்த நாடு, எந்த வருடம், எந்த வெளியீடு என்று கேளுங்கள். பதில் வந்தால் ஏதாவது ஒரு தபால்தலை விலைப்பட்டியலில் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பதில் வரவில்லை என்றால் சான்றிதழைக் கழற்றி வைத்துவிட்டு, படம் மட்டும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால், படத்துக்கு உண்டான விலையைக் கொடுங்கள்.