அருமை எனும் சரக்கு

தமிழில் ‘அருமை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. எளிதிற் கிடைக்காமை ஒன்று, சிறப்பு மற்றொன்று. இன்றைய வணிகம் இவ்விரண்டிற்கும் இடையே புகுந்து, முதலாவதைத் தானே உண்டாக்கிவிட்டு, இரண்டாவதற்குரிய விலையைக் கேட்டு வாங்குகிறது.

சிறு ஆலைகள் குறைந்த அளவில் தயாரித்து வெளியிடும் பீர் வகைகளைச் சான்றாகக் கொள்வோம். மது விலக்கப்பட்டது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. குடியாதவனையும் பற்றக்கூடிய மயக்கம் ஒன்று அந்தப் புட்டிக்கு வெளியே இருக்கிறது. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அதனையே.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா ரோசா நகரில் ‘பிளைனி தி யங்கர்’ என்னும் பீர் 2005 முதல் ஆண்டுக்கொரு முறை, சில நாட்களுக்கு மட்டும் வழங்கப்பட்டு வருகிறது. அதற்காக மக்கள் பல மணி நேரம் வரிசையில் நிற்கின்றனர். நமக்கு அண்மையில் உள்ள பெங்களூரிலும் 2010ஐ ஒட்டிச் சிறு பீர் ஆலைகள் தோன்றின; ‘இப்பருவத்திற்கு மட்டும்’ என்னும் அறிவிப்பும் உடன் வந்தது. சிறிய ஆலையால் மிகுதியாகத் தயாரிக்க இயலாது என்பர். அது உண்மையே. ஆயினும் அந்த இயலாமையே விளம்பரமாகும்போது, பருகியவனின் பெருமை பருகாதவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கப்படுகிறது.

பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்லெட்டரன் என்னும் சிற்றூரின் துறவியர் 1839 முதல் பீர் தயாரித்து வருகின்றனர்; தம் மடத்தின் செலவுக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொள்கின்றனர். உலகிலேயே சிறந்தது அதுவே என்று 2005இல் ஓர் இணையத்தளம் தரவரிசை வெளியிட, மடத்து வாசலில் வண்டிகள் குவிந்தன. அப்போதும் அவர்கள் உற்பத்தியைப் பெருக்க இசையவில்லை; வாங்கியவர் மறுபடி விற்கலாகாது என்றும் விதித்தனர். எனினும் 2018இல் நெதர்லாந்து நாட்டு அங்காடி ஒன்று, மடத்து விலையைவிடப் பன்மடங்கு கூட்டி அதனை விற்றது. போதும் என்றவர்களின் அடக்கம், போதாது என்பவர்களுக்கு முதலீடாயிற்று!

செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் உள்ளது. பள்ளிகொண்ட திருமாலைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அவ்வுருவம் அரியது. ஆயினும் குன்றேறிச் செல்வோர் யாவரும் காணலாம். அவ்வட்டாரத்துப் பனைகள் தரும் பதநீரும் அரியதே. பருவத்தில் மட்டும் கிடைப்பது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விடியலில் இறக்கி, வெயில் ஏறுமுன் பருக வேண்டியது. அந்த அருமை இயற்கை விதித்தது. பிறனுக்குக் கிட்டாததைக் காட்டி அதற்கு விலை கூட்டுவாரில்லை.

நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சியையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டில் ஒரு மாதம், நாளில் ஒரு வேளை. அஸருக்குப் பின் தூக்குவாளிகளோடு அங்கும் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் அண்டை வீட்டு இந்துச் சிறுவனும் கிறித்தவச் சிறுமியும் உண்டு. அண்டாவின் அடி தெரியும்போது ஊற்றும் அளவு குறையுமேயன்றி, எவரும் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதே ஊற்றுவோரின் கவலை.

குடியைத் தொடாத நம் பிள்ளைகளையும் அந்த மயக்கம் இன்று நெருங்கியிருக்கிறது. காலணியாக, கைபேசியாக, நறுமணத் தைலமாக, ‘சிலருக்கு மட்டும்’ என்ற முத்திரையோடு அது வீட்டுக்குள் வருகிறது. தகப்பனாரின் கடனாகவும் மாறுகிறது. பதுக்கலைப் பாவமென்று கண்டித்த மார்க்கத்தினர், பதுக்கி வைத்த பெருமையை விலை கொடுத்து வாங்கலாமா?

பிறர்க்கும் கிடைத்தபின் ஒரு பொருளின் சிறப்புக் குறையுமானால், அச்சிறப்பு அப்பொருளில் என்றுமே இருந்ததில்லை. வாங்குமுன் இதனை நம் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவோமாக.