சோதனை எதை அளந்தது?

2006 டிசம்பரில் தோஹாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களுக்குள் "பாலினச் சோதனையில் தோல்வி" என்று செய்தி பரவியது. பதக்கமும் பறிக்கப்பட்டது.

விடைத்தாளில் "நீளம் 5" என்று மட்டும் எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. ஐந்து மீட்டரா, சென்டிமீட்டரா, எதைக் கொண்டு அளந்தாய் என்று கேட்கிறோம். அன்றைய செய்திகள் பலவற்றில் இந்த எளிய கேள்வி இடம்பெறவில்லை. என்ன அளக்கப்பட்டது என்று கூறாமலே "பெண்ணா, ஆணா?" என்ற தலைப்பு மட்டும் பெரிதாக வந்தது.

பால் என்பது ஒரே அளவீட்டில் அடங்குவதன்று. குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், உடலமைப்பு எனப் பல கூறுகள் அதில் உண்டு. பெரும்பாலோரிடம் இவை ஒத்துப்போகும், சிலரிடம் ஒத்துப்போவதில்லை. எக்ஸ்-ஒய் குரோமோசோம் உடைய ஒருவரின் செல்கள் ஆண்ட்ரோஜன் ஹார்மோனுக்கு முற்றிலும் இணங்காவிட்டால், உடல் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளரும். ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோவின் நிலை இதுவே. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் குரோமோசோம் சோதனையால் விலக்கப்பட்ட அவர், வாதாடி 1988இல் மீண்டும் அனுமதி பெற்றார். சாந்தியின் உடல் எவ்வகையினது என்று ஊகிப்பது நம் வேலையன்று. அது அவருடைய மருத்துவக் குறிப்பு.

மற்றொரு குழப்பமும் உண்டு. உடற்கூறு வேறு, தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணரும் பாலின அடையாளம் வேறு. ஊடுபால் உடலுடன் பிறந்தவரும் திருநங்கையும் ஒருவரல்லர். எங்கள் திருவண்ணாமலையில் தீபத் திருநாளன்று அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே காட்சி தருவார். "இதுதானே சார் அது?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வழிபாடு மதிப்பைக் கற்பிக்கலாம். உடலியல் விளக்கத்தை அறிவியல்தான் தரவேண்டும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலை ஒட்டி, 2022 ஆகஸ்டில் தமிழக அரசு இத்தகையோரைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நல்ல முயற்சி. ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் விளக்கம் வந்துவிடாது.

விளையாட்டில் பெண்கள் பிரிவுக்கு வரம்பு வேண்டும் என்பது நியாயமான வாதமே. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் எஸ்.ஆர்.ஒய். ஜீன் சோதனையைப் புகுத்தியது. அச்சோதனையும் ஒரு ஜீன் இருக்கிறதா என்பதையே கூறும். அம்மனிதர் யார் என்பதைக் கூறாது.

அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எதை அளந்தார்கள், எதற்காக அளந்தார்கள், முடிவை வெளியிட அவரிடம் அனுமதி பெற்றார்களா என்று கேளுங்கள். விடை இல்லையெனில் அது செய்தியன்று, வம்பு.