உயர்த்திய பிக்கப்பில் பெரிய டயர்: மாறாத ரிம்மில் எதுவரை போகலாம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள கண்ணமங்கலத்தில் ஓடும் பிக்கப் வண்டி ஒன்று, காலையில் தார்ச்சாலையில் வேகமாகவும் மதியத்துக்குள் மலைக்கிராமத்துக் கல்பாதையில் ஊர்ந்தும் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், அதன் டயர் இரண்டு வகைப் பாதைக்கும் பொருந்தியாக வேண்டும். சாமையும் புளியும் பலாவும் இறங்கிவரும் இந்த மலைப்பகுதியில் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்வோர், அடுத்த படியாகப் பெரிய டயரை நாடுவது இயல்பே. நிறுவனம் கொடுத்த ரிம்மை மாற்றாமல் அதை எதுவரை செய்யலாம் என்பதை, 2016-இல் இந்திய விற்பனைக்கு வந்த இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆந்திர மாநிலத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் தயாராகும் இவ்வண்டியின் தொடக்க கால வடிவம் 245/70 ஆர்16 டயருடனும் 7 அங்குல அகல ரிம்முடனும் வந்தது.

இந்த எண்களில் 245 என்பது டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு என்பதையும், 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில் எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் 749 மி.மீ. வரும். அடுத்த அளவான 265/70 ஆர்16 டயரின் விட்டம் 777 மி.மீ.; அதாவது விட்டத்தில் 28, ஆரத்தில் 14 மி.மீ. கூடுகிறது.

இந்த 14 மி.மீட்டரை அற்பமென்று தள்ளிவிட முடியாது. வண்டியை உயர்த்தும்போது உடலும் சேசிஸும்தான் மேலே போகின்றனவே தவிர, பின்பக்கத்துப் பிளேட் கட்டின் அடியில் பிணைக்கப்பட்டிருக்கும் அச்சும் அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குடமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மலைப்பாதையில் துருத்திய கல் முதலில் தட்டுவது அந்தக் குடத்தைத்தான். அதைத் தரையிலிருந்து உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு எளிய வழி இல்லை. ஆகவே பெரிய டயரை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் இந்த ஒரு செய்தியைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

ஆனால், உயர்த்தினால் பெரிய டயருக்கு இடம் தானாகக் கிடைத்துவிடும் என்ற பரவலான நம்பிக்கை பாதிதான் உண்மை. நின்றிருக்கும் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் தெரிவது மெய்யே என்றாலும், சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது, அந்த அமுக்கத்தை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்குமானால், டயர் மேலேறி நிற்கும் இடமும் பழைய இடமாகவே இருக்கும். முன்பக்க ஸ்பிரிங்கின் தலையில் ஸ்பேசர் வைத்து உயர்த்தும் மலிவான முறையில் இதுவே நேர்கிறது. எனவே சமதளத்தில் நிறுத்தி வைத்து அளந்து பார்ப்பது சோதனை ஆகாது. முன்சக்கரம் ஒன்றையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, பின்னோக்கி எடுத்துப் பார்த்த பிறகு, முன்சக்கரக் குழியின் பின்பாகத்திலுள்ள பிளாஸ்டிக் உறையிலும் மட் ஃபிளாப்பிலும் பளபளப்பான தேய்ப்புத் தடம் விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பதே சோதனை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, பாரத்தோடு பின்வாங்க நேரும்போது வண்டி இருக்கும் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

பழைய ரிம்மையே வைத்துக்கொள்வதில் பெரும் நன்மை ஒன்று உண்டு. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் குறிக்கும் ஆஃப்செட் மாறாததால், சக்கரம் வெளியே துருத்தாது; பேரிங்கின்மேல் விழும் சுமையின் நெம்பு நீளமும் கூடாது; ஸ்டீயரிங் திரும்பும்போது டயர் அகன்ற வட்டமடித்து உறையில் இடிப்பதும் குறையும். ஆயினும் கூடும் அகலத்தில் பாதி உள்பக்கமாக, சஸ்பென்ஷனின் மேல்கையை நோக்கிச் செல்லும். 8 அங்குல ரிம்மில் 272 மி.மீ. அகலம் காட்டும் 265 டயர், 7 அங்குல ரிம்மில் குறுகி ஏறத்தாழ 262 மி.மீ. ஆகிறது, பழைய டயரின் அகலம் அதே ரிம்மில் 248. ஆகவே உள்பக்கம் இழக்கும் இடம் 7 மி.மீ. மட்டுமே. ஸ்பேசர் தட்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டிய தேவை இந்த அளவில் எழுவதில்லை.

265/70 ஆர்16 டயருக்கு ஏற்கப்பட்ட ரிம் அகலம் 7 முதல் 9 அங்குலம் என்பதால், நிறுவன ரிம் கீழ் எல்லையில் நிற்கிறது. கீழ் எல்லையில் மாட்டிய டயரின் பக்கச்சுவர்கள் உள்நோக்கிச் சாய, தரையைத் தொடும் பரப்பு சற்றே குவிந்துவிடுவதால், காற்று மிகுந்தால் நடுப்பகுதி விரைவில் தேயும். சரியான காற்றைக் கண்டறியப் பழைய வழியே போதும்: டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடிட்டு, சமமான தார்ச்சாலையில் சிறிது தூரம் உருட்டி, கோட்டின் நடு மட்டும் அழிந்திருந்தால் காற்றைக் குறைக்கவும், ஓரங்கள் மட்டும் அழிந்திருந்தால் கூட்டவும் வேண்டும். மூட்டை ஏற்றிய வண்டிக்கு இச்சோதனையை மூட்டையுடனேயே செய்ய வேண்டும்.

மலைச்சாலையில் இந்த மாற்றத்தின் விலை தெளிவாகத் தெரிகிறது. சக்கரம் 3.7 விழுக்காடு பெரிதானதால் ஒவ்வொரு கியரும் அதே அளவு நீள்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது மூன்றாவதில் இழுத்த இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க நேரலாம். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை: என்ஜின் பிரேக் அதே விகிதத்தில் தளர்வதோடு, அதே தூரத்தில் நிறுத்துவதற்குப் பிரேக் கூடுதல் முறுக்குவிசை தர வேண்டியிருப்பதால், பாரத்தோடு இறங்கும் வண்டியில் பிரேக் சூடாவது முந்திக்கொள்ளும். ஸ்பீடோமீட்டர் முன்பு துல்லியமாகக் காட்டியதாகக் கொண்டால், முள் 60-இல் நிற்கும்போது உண்மை வேகம் 62-ஐத் தாண்டியிருக்கும்.

இன்னும் ஒரு படி மேலே, 265/75 ஆர்16 டயர் இதே ரிம்மில் ஏறும். ஆனால் 804 மி.மீ. விட்டமுள்ள அது கியரை 7 விழுக்காட்டுக்கு மேல் நீட்டி, பம்ப் ஸ்டாப்பைத் தாழ்த்தாமலும் உறையை வெட்டாமலும் அடங்காது. சரக்கேற்றும் வண்டிக்கு அது தகாது. 285/75 டயருக்குக் குறைந்தது 7.5 அங்குல ரிம் வேண்டும் என்பதால் அது இந்தப் பேச்சிலேயே சேராது.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆதலால் உயர்த்தலையோ டயரையோ தொடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்பாதை மிகுந்த, பாரம் குறைந்த பயன்பாட்டுக்கு 265/70 ஆர்16 தகுந்த தேர்வு. நாள்தோறும் முழுப்பாரம் இறக்கும் வண்டிக்கு நிறுவன அளவிலேயே தடித்த பக்கச்சுவருள்ள டயர் மேல். எதைத் தேர்ந்தாலும், உயர்த்திய வண்டியின் முன்சக்கரச் சாய்வு மாறியிருக்கும் என்பதால் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே மலையேற்ற வேண்டும். டயர் வாங்கும்போது நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாக வாங்க வேண்டும்: வி-கிராஸின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுவதால், பஞ்சரான இடத்தில் பழைய சிறிய ஸ்டெப்னியை மாட்டி அந்த இயக்கத்தைப் போட்டால், இழுபறியின் சுமை முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின்மேல் விழும். பெரிய ஸ்டெப்னி தொட்டியின் அடியிலுள்ள இடத்தில் அடங்குகிறதா என்பதைக் கடையிலேயே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.