ஆடாத ஆட்டத்தின் அனுபவம்

சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் உள்ள அல் கோபாரின் கால்பந்துக் கிளப்பான அல் காதிசியாவைப் புகழாதவர்கள் இன்று வளைகுடாவில் குறைவு. 2023-ல் அராம்கோ நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பிடித்து சவுதி புரோ லீக்குக்கு ஏறியது. ஏறிய முதல் பருவமான 2024-25-லேயே நான்காம் இடம். மன்னர் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போய், அல் இத்திஹாத்திடம் 3-1 என்று தோற்றது. அந்தக் கோடையில், இத்தாலி லீக்கில் 25 கோல் அடித்து முதலிடம் பிடித்திருந்த மத்தேயோ ரெதேகியையும் அழைத்து வந்துவிட்டது. இவற்றைக் கொண்டாடுகிறவர்கள் கூடவே ஒரு வாதத்தையும் வைக்கிறார்கள்: ரியல் மாட்ரிட்டில் ஆடிப் பழுத்த நாச்சோ பெர்னாண்டஸின் பக்கத்தில் தினமும் பயிற்சி எடுக்கிற பதினெட்டு வயது சவுதிப் பையன், அந்தச் சேர்க்கையாலேயே தேறிவிடுவான், அவன் களத்தில் இறங்கினானா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. இந்த வாதம் தவறு என்பதே என் கட்சி. தொழில்முறை ஆட்டக்காரனின் எதிர்காலம் பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்குள் அவன் எத்தனை பெரியவர்கள் ஆட்டத்தில் முழுதாக ஆடினான் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. யார் பக்கத்தில் நின்று பந்தை உதைத்தான் என்பது அதற்கு ஈடாகாது.

வெளிநாட்டு நட்சத்திரங்களால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆட்டத்தின் வேகமும் பயிற்சியின் ஒழுங்கும் கூடியிருக்கின்றன. அல் அஹ்லி 2025-ல் ஆசிய சாம்பியன் ஆனது. அதே ஆண்டு கிளப் உலகக் கோப்பையில் அல் ஹிலால் மான்செஸ்டர் சிட்டியை 4-3 என்று வீழ்த்தியது. இதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய வெற்றி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

ஆனால் காதிசியாவின் 2024-25 அணியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். கோல் காத்தவர் பெல்ஜியத்தின் கூன் காஸ்டீல்ஸ். அவருக்கு முன்னால் தடுப்பின் நடுவில் நாச்சோ. நடுக்களத்தில் உருகுவேயின் நஹிதான் நான்டெஸ். கோல் அடிக்க ஒபமெயாங்கும் ஹூலியன் கினோனெஸும். கோல்கீப்பரிலிருந்து சென்டர் ஃபார்வர்டு வரை அணியின் முதுகெலும்பு முழுவதும் வெளிநாட்டவர் கையில். விதியும் இடம் கொடுக்கிறது. அந்தப் பருவத்தில் ஒரு கிளப் பத்து வெளிநாட்டவரைப் பதிவு செய்யலாம், ஆட்ட நாள் பட்டியலில் எட்டுப் பேரைச் சேர்க்கலாம். எட்டுப் பேரும் இறங்கினால் உள்ளூர்க்காரனுக்கு மிஞ்சுவது மூன்று இடம். அந்த மூன்றும் பெரும்பாலும் ஓரங்களில்தான் கிடைக்கும். இதே கோபாரில் 1982-ல் பிறந்த யாசர் அல் கஹ்தானி இதே காதிசியாவில் சென்டர் ஃபார்வர்டாக ஆடித்தான் பெயர் எடுத்தார். 2005-ல் ஹிலாலுக்குப் போனார், 2007-ல் ஆசியாவின் சிறந்த வீரர் ஆனார். இன்று அதே தெருவில், அதே திறமையோடு ஒரு பையன் இருந்தால் காதிசியா அவனை எங்கே நிறுத்தும்? யாசர் வளர்ந்த இடத்தில் இப்போது ரெதேகி நிற்கிறார்.

பயிற்சியில் கற்க முடியாதது என்ன என்று கேட்கலாம். பத்தொன்பது வயது டிஃபண்டர் ஒருவன் 1-0 என்று முன்னிலையில் இருக்கும் அணிக்காக எழுபதாவது நிமிடத்தில் ஆடுகிறான் என்று வையுங்கள். கால் கனக்கிறது. எதிரணி ஸ்டிரைக்கர் அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே அவன் பக்கமாக நகர்கிறான். முன்னே போய்ப் பந்தைப் பறிப்பதா, பின்வாங்கி நிற்பதா என்பதை அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் கோல். அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு மீதி இருபது நிமிடம் ஆடி, மறுவாரம் மறுபடி இறங்கி, இந்த முறை சரியாக நிற்க வேண்டும். பயிற்சி மைதானத்தில் தப்பு நடந்தால் பயிற்சியாளர் விசிலடித்து நிறுத்திச் சொல்லிக் கொடுப்பார், திரும்ப ஆடலாம். விலை கொடுக்காமல் செய்த தப்பு மனதில் தங்குவதில்லை. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கி, நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்புவதும் ஆட்டத்தில் ஆடியதாகக் கணக்கில் ஏறும். ஆனால் அந்தக் கணக்கால் பையனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற கொள்கையைச் சவுதி அரேபியாவே ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 2018 ஜனவரியில், உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம் இருக்கையில், ஒன்பது சவுதி வீரர்கள் ஸ்பெயின் கிளப்புகளுக்கு லோனில் அனுப்பப்பட்டார்கள். சாலிம் அல் தவ்சாரி வில்லாரியாலுக்கு, ஃபஹத் அல் முவல்லத் லெவான்டேவுக்கு, யஹ்யா அல் ஷெஹ்ரி லெகானெஸுக்கு. உலகத்தின் மிகச் சிறந்த லீக்குகளில் ஒன்று, பயிற்சிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அல் தவ்சாரி லீக்கில் களம் கண்டது பருவத்தின் கடைசி நாளில், ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக. மற்றவர்களும் பெரும்பாலும் பெஞ்சிலும் பார்வையாளர் வரிசையிலுமே அந்த மாதங்களைக் கழித்தார்கள். 2018 ஜூன் 14 அன்று மாஸ்கோவில் ரஷ்யா ஐந்து கோல் அடித்தது, சவுதி ஒன்றும் அடிக்கவில்லை. அந்தத் தோல்விக்கு இது மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கிட்டத்தட்ட ஆட்டமே ஆடாமல் ஐந்து மாதம் இருந்தவர்கள் அந்த அணியில் இருந்தார்கள் என்பதை மறைக்கவும் முடியாது. அல் தவ்சாரி பிறகு பெரிய வீரர் ஆனாரே என்றால், ஆனார். வாராவாரம் ஹிலாலில் ஆடி ஆனார்.

இப்போது 2022 நவம்பர் 22-க்கு வருவோம். லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவை 2-1 என்று வென்ற சவுதி அணியை எல்லோரும் ஹிலாலின் வெற்றியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்று இறங்கிய பதினோரு பேரில் பெரும்பாலோர் ஹிலால்காரர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஹிலாலுக்கு எங்கிருந்து வந்தார்கள்? கோபாரில் பிறந்த முஹம்மத் கன்னோ, தம்மாமின் அல் இத்திஃபாக்கில் நான்கைந்து பருவம் ஆடிய பிறகே ஹிலாலுக்குப் போனார். மெஸ்ஸியிடம் நேருக்கு நேர் சவால் விட்ட அலி அல் புலைஹி, தம்மாமின் அல் நஹ்தாவிலும் அல் அஹ்சாவின் அல் ஃபதஹிலும் ஆடிவிட்டு வந்தவர். ஃபிராஸ் அல் புரைகான் அந்த ஆட்டத்தின்போதே ஃபதஹ் வீரர். ஆக, கிழக்கு மாகாணத்தின் நடுத்தரக் கிளப்புகள்தான் இளையவர்களை இறக்கிவிட்டு, தப்பு செய்யவிட்டு, தேறியபின் பெரிய கிளப்புகளுக்குக் கொடுத்துவந்தன. நாற்றங்கால் இங்கே இருந்தது, அறுவடை ரியாதில் நடந்தது.

என் நெடுநாள் ஆட்சேபம் இந்த இடத்தில்தான். ரியாதின் ஹிலாலும் நஸ்ரும் நட்சத்திரங்களை வாங்குவதால் பெரிய கேடு இல்லை. அவை பதினெட்டு வயதுப் பையனுக்கு எளிதில் இடம் கொடுக்கும் கிளப்புகள் அல்ல. இத்திஃபாக்கும் காதிசியாவும் அதே வழியில் இறங்கியதுதான் கேடு. 2023-ல் இத்திஃபாக் ஸ்டீவன் ஜெரார்டைப் பயிற்சியாளராக்கி, ஜோர்டன் ஹென்டர்சனையும் ஜார்ஜினியோ வைனால்டமையும் கொண்டுவந்தது. ஹென்டர்சன் ஆறே மாதத்தில் கிளம்பிவிட்டார். அந்த ஆறு மாதமும் நடுக்களத்தில் ஒரு தம்மாம் பையனுக்குப் போயிருக்க வேண்டியது. கன்னோவுக்கு அப்படிப் போனது. காதிசியா மேலே ஏறியதைக் கொண்டாடும்போது நாம் கொண்டாடுவது, யாசரை உருவாக்கிய ஒரு கிளப், யாசர்களை உருவாக்கும் வேலையை விட்டுவிட்டதை.

இதற்கு உறுதியான மறுப்பு ஒன்று உண்டு. இளவயதில் அதிகம் ஆடுகிறவர்கள் ஏற்கெனவே திறமை மிக்கவர்கள், அதனால்தான் பயிற்சியாளர் இறக்குகிறார். பின்னாளில் அவர்கள் உயர்வது அந்தத் திறமையால்தான், ஆடிய நிமிடங்களால் அல்ல என்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒரே ஆளை, ஒரே திறமையை, இரண்டு இடங்களில் வைத்துப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும்போது இந்த மறுப்பு ஆட்டம் காண்கிறது. அல் புரைகான் நஸ்ரில் வளர்ந்தவர். அங்கே அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு வெளிநாட்டு ஸ்டிரைக்கர் நின்றார். 2021-ல் ஃபதஹுக்கு வந்தபின் ஸ்டிரைக்கர் இடம் அவருடையதானது. இரண்டே ஆண்டில் தேசிய அணியின் முதல் தேர்வாகி, 2023-ல் அல் அஹ்லிக்குப் போனார். நஸ்ரில் இருந்தபோதும் கால்கள் அதே கால்கள்தான். 2003-ல் பிறந்த முஸ்அப் அல் ஜுவைரும் அப்படியே. ஹிலாலில் வளர்ந்தாலும் அல் ஷபாபுக்கு லோனில் போய் ஆடிய பிறகுதான் அவரை நாடு கண்டுகொண்டது. 2025-ல் காதிசியா அவரை வாங்கியது. ஷபாப் ஆடவிட்டு முற்றவைத்த பிறகுதான் அவர் கோபாருக்கு வந்து சேர்ந்தார் என்பதைக் காதிசியாவின் பெருமை பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அளவுக்கு மீறி ஆடவைப்பதும் ஆபத்து என்பது வேறொரு மறுப்பு. 2020-21-ல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஓடிய பார்சிலோனாவின் பெத்ரி, அடுத்த பருவத்தில் காயங்களால் அவதிப்பட்டார். பதினான்கு வயதில் அமெரிக்க லீக்கில் இறங்கிய ஃப்ரெடி அடு எதிர்பார்த்த உயரத்தைத் தொடவே இல்லை. சரிதான். ஆனால் சவுதியில் பையன்களுக்கு அதிக ஆட்டம் கிடைத்துவிட்டது என்று கவலைப்படும் நாள் வரட்டும், அப்போது பேசலாம். இப்போது இருப்பது பஞ்சம். 2024-ல் தேசியப் பயிற்சியாளராக இருந்த ராபர்ட்டோ மான்சினி, தன் வீரர்களில் பலர் கிளப்புகளில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே குறைபட்டார். பத்தொன்பது வயதுக்குள் திறமைக்குக் குறையில்லை: 2025-ல் ஆசிய இருபது வயதுக்குட்பட்டோர் போட்டியிலும் பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியிலும் சவுதி இரண்டாம் இடம். 2022-ல் இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. நட்சத்திரங்கள் வந்த பிறகு, 2024-ல், அதே போட்டியில் காலிறுதியில் உஸ்பெகிஸ்தானிடம் தோற்று ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்றால், உஸ்பெகிஸ்தான் பையன்களில் எத்தனை பேர் தங்கள் கிளப்புகளில் வாராவாரம் ஆடிவிட்டு வந்தார்கள், சவுதிப் பையன்களில் எத்தனை பேர் என்று எதிர்க்கேள்வி கேட்பேன்.

அண்டை நாடான கத்தார் இந்த முடிச்சை முன்பே புரிந்துகொண்டது. ஆஸ்பயர் பயிற்சிக்கூடத்தில் எத்தனை வசதி செய்தாலும் பெரியவர்கள் ஆட்டம் அங்கே கிடைக்காது என்று கண்டு, 2012-ல் பெல்ஜியத்தின் சிறிய கிளப்பான ஆய்ப்பனையே வாங்கியது. அக்ரம் அஃபீஃப் அங்கே ஆடினார். 2019-லும், 2024 தொடக்கத்தில் நடந்த அடுத்த போட்டியிலும் கத்தார் ஆசியக் கோப்பையை வென்றது. இந்தியாவும் தன் வழியில் செய்து பார்த்தது. 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோற்ற பையன்களை இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் நேராக ஐ-லீகில் இறக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டியை 3-0 என்று வென்றார்கள். ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம், அன்வர் அலி எல்லாம் அங்கிருந்து தேசிய அணிக்கு வந்தவர்கள். 2022-ல் அதை மூடிவிட்டது பெரும் தவறு. நம் ஊர்க் கதையும் இதிலிருந்து விலகவில்லை. 2018-19-ல் சென்னை சிட்டி கோவையில் ஐ-லீக் பட்டம் வென்றபோது 21 கோல் அடித்தவர் வெளிநாட்டவரான பெத்ரோ மான்சி. தமிழ்ப் பையன்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தவை பக்கவாட்டு இடங்கள். கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலே வந்தவர்கள் உண்டு, ஆனால் அவர்களில் சென்டர் ஃபார்வர்டைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்பும். இந்திய அணியின் ஸ்டிரைக்கர் சுனில் சேத்ரி 2024-ல் விடைபெற்று, மறு ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டதன் பின்னணியும் இதுதான். வளைகுடாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. அல் ஐனில் பிறந்த சஹல் அப்துல் சமத், பெரியவர்களோடு ஆட ஊர் திரும்பி, கேரளா பிளாஸ்டர்ஸ் வழியாகத்தான் இந்திய அணிக்கு வந்தார்.

சவுதி லீக் 2024-25-ல் ஒரு திருத்தம் செய்தது. பத்து வெளிநாட்டவரில் இருவர் 2003-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களாக இருக்க வேண்டும். இளமைக்கு இடம் என்று அதை வரவேற்றார்கள். அந்த இருவரும் பிறநாட்டு இளைஞர்கள். உதாரணமாக காதிசியா ஹிரோனாவில் வளர்ந்த ஸ்பானியப் பையன் இகேர் அல்மெனாவை எடுத்தது. கோபார் பையனுக்கு எட்டாத ஆட்ட நிமிடங்களைக் கடலோனியப் பையனுக்கு ஒதுக்கிக் கொடுத்து, அதற்கு இளைஞர் வளர்ப்பு என்று பெயரும் வைத்தார்கள். திருத்தம் செய்வதானால் இப்படிச் செய்யட்டும்: ஹிலால், நஸ்ர் போன்ற பெரிய கிளப்புகளைத் தவிர்த்த மற்றவை ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் குறிப்பிட்ட அளவு நிமிடங்களை இருபத்தொரு வயதுக்குட்பட்ட உள்நாட்டு வீரர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நிமிடங்களில் பாதியாவது கோல்கீப்பர், சென்டர் பேக், சென்டர் ஃபார்வர்டு இடங்களில் இருக்க வேண்டும். கொடுக்காத கிளப்புக்கு அடுத்த பருவத்தில் ஒரு வெளிநாட்டவர் இடம் குறையட்டும். 2034 உலகக் கோப்பை சவுதியில் நடக்கிறது, கோபாரில் புதிய மைதானமும் எழுகிறது. அன்று இருபத்தைந்து வயதில் அங்கே ஆட வேண்டிய வீரன் 2009-ல் பிறந்தவன். அவனுக்குப் பதினெட்டு ஆவது 2027-ல். அவன் ஆட வேண்டிய முதல் ஐம்பது ஆட்டங்களும் 2027-க்கும் 2030-க்கும் இடையில் நடந்து முடிந்துவிடும்.